கேபிளை நிறுத்திவிட்டு எதை மாட்டுவது? ராமநாதபுரம் கடற்கரை வீடுகளுக்கான ஒப்பீடு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் அந்த இரண்டு மாதத்தில்தான் மண்டபம், தங்கச்சிமடம், தொண்டி பக்கத்து வீடுகளில் கேபிள் கட்டணம் கண்ணை உறுத்தும். "ஆன்டெனா கட்டினால் காசில்லாமல் படம் வருமே" என்ற பேச்சும் அப்போதுதான் கிளம்பும். வரும். ஆனால் ஆன்டெனா என்று நாம் ஒரே பெயரில் சொல்கிற இரண்டு பொருள்களில் எது என்று தெரிந்து வாங்க வேண்டும். மொட்டைமாடியில் நீளக் குழாயில் கட்டும் கம்பி ஆன்டெனா ஒன்று. செயற்கைக்கோளைப் பார்க்கும் டிஷ் இன்னொன்று; மாதக் கட்டணமில்லாத தூர்தர்ஷனின் 'ஃப்ரீ டிஷ்' சேவை இதில்தான் வரும். இந்தக் கடற்கரையில் கேபிளுக்கு எதிரே நிறுத்தத் தகுந்தது இரண்டாவதுதான்.

கம்பி ஆன்டெனா

ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயரத் தொலைக்காட்சிக் கோபுரம் நிற்கிறது. 1995-இல் கட்டியது. அவ்வளவு பெரிய கோபுரம் கண்ணெதிரே இருக்க, கம்பி ஆன்டெனா போதும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் தூர்தர்ஷனின் தரைவழி அனலாக் ஒளிபரப்பிகளை, அதை நடத்தும் பிரசார் பாரதி படிப்படியாக மூடியது. கேந்திர முக்கியத்துவம் கொண்ட சுமார் 50 இடங்களைத் தவிர மற்றவற்றை 2022 மார்ச்சுக்குள் முடித்துவிடுவது என்பதே திட்டம். தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு 2016 பிப்ரவரியில் 16 நகரங்களில் தொடங்கியது. அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை மட்டும்தான்.

ஆகவே கடைக்குப் போகும் முன், யார் வீட்டிலாவது பரணில் கிடக்கும் பழைய ஆன்டெனாவை இரவல் வாங்கி, டிவியில் 'ஆன்டெனா' என்ற மூலத்தைத் தேர்ந்து, அனலாக், டிஜிட்டல் இரண்டிலும் ஒருமுறை தேடிப் பாருங்கள். ஒன்றும் வராவிட்டால் பூஸ்டர் வாங்கிப் பயனில்லை. பூஸ்டர் இருக்கிற சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். ஒன்றிரண்டு தூர்தர்ஷன் சேனல் வந்தாலும், அவை டிஷ்ஷில் இதைவிடத் தெளிவாக வருபவைதான்.

1982-இல் தொடங்கிய இலங்கை ரூபவாகினியை உயரக் குழாயில் ஆன்டெனா கட்டிப் பிடித்துப் பார்த்த தலைமுறை இங்கே உண்டு. காற்று அடங்கிய மாலையில் கடல்மேல் குளிர்ந்த காற்றடுக்கும் அதன்மேல் வெப்பமான அடுக்கும் படியும்போது அலைகள் வளைந்து நெடுந்தூரம் வரும். காற்று கிளம்பினால் போய்விடும். இதை நம்பிக் கேபிளை நிறுத்த முடியாது.

கேபிளும் ஃப்ரீ டிஷ்ஷும்

அரசு கேபிள் 2011-இல் மாதம் 70 ரூபாய்க்கு மீண்டும் தொடங்கியது. 2019-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த முறையில் அடிப்படைக் கட்டணத்தின் உச்சவரம்பு 130 ரூபாயாக, 18 சதவீத வரியோடு 153 ரூபாய் 40 காசாக இருந்தது. கட்டணச் சேனல்களின் விலை தனி. இன்று ஒரு வீட்டின் பில் மாதம் 250 என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 3,000 ரூபாய். ஃப்ரீ டிஷ்ஷுக்கு டிஷ், அதன் முன்னால் நின்று சிக்னலைப் பிடிக்கும் எல்.என்.பி., பாக்ஸ், வயர் எல்லாம் சேர்த்து ஒரே தடவை சுமார் 2,000 ரூபாய். எட்டு மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். அதன்பின் மாதக் கட்டணம் கிடையாது.

பணத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் பத்தே நாளில் வீட்டில் சண்டை வரும். சன் டிவி, விஜய், ஜீ தமிழ் போன்ற கட்டணச் சேனல்கள் ஃப்ரீ டிஷ்ஷில் இல்லை. 2024 ஜனவரியில் பொதிகை என்ற பெயர் மாறி வந்த டிடி தமிழ் உண்டு, தூர்தர்ஷனின் மற்ற சேனல்கள் உண்டு, ஸ்வயம் பிரபா கல்விச் சேனல்கள் உண்டு. தனியார் சேனல்களில் பெரும்பகுதி இந்தி. அம்மா இரவு சீரியலை விடமாட்டார் என்றால் கேபிளைத் தொடாதீர்கள், அல்லது குறைந்த பேக்கோடு கட்டண டிடிஎச் (ஏர்டெல், டாடா பிளே போன்ற ரீசார்ஜ் டிஷ்) போடுங்கள். செய்தி, பழைய படம், பிள்ளைகளின் பாடம், கிரிக்கெட் போதும் என்ற வீட்டுக்கு ஃப்ரீ டிஷ் சரிவரும்.

கிரிக்கெட்டில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. தேசிய முக்கியத்துவம் உடையவை என அரசு அறிவித்த போட்டிகளைத் தனியார் உரிமையாளர் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்கிறது 2007-ஆம் ஆண்டுச் சட்டம். அந்த ஒளிபரப்பைத் தூர்தர்ஷனின் தரைவழியிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேபிளில் தூர்தர்ஷன் சேனல் இருந்தும் மேட்ச் வராமல், பக்கத்து வீட்டு ஃப்ரீ டிஷ்ஷில் வருவதற்குக் காரணம் இதுதான்.

டிஷ்ஷைத் திருப்பும் கணக்கு

ஃப்ரீ டிஷ் வரும் செயற்கைக்கோள் ஜிசாட்-15, கிழக்கு 93.5 டிகிரியில் நிற்கிறது. ராமநாதபுரத்திலிருந்து பார்த்தால் அது கிழக்கிலிருந்து தெற்குப் பக்கமாக 32 டிகிரி, அதாவது திசைகாட்டியில் 122. ஏற்றம், அதாவது தரைமட்டத்திலிருந்து மேல்நோக்கிய கோணம், 70 டிகிரி. ராமேஸ்வரம், தொண்டி, சாயல்குடி எங்கும் ஓரிரு டிகிரிதான் வித்தியாசம்.

ஏற்றம் 70 என்பது நமக்குப் பெரிய வசதி. டிஷ் கிட்டத்தட்ட உச்சி வானத்தைப் பார்க்கிறது. ஓர் அடி தள்ளி வைத்தால் டிஷ்ஷுக்கு மேல் இரண்டே முக்கால் அடி உயரத் தடையைத் தாண்டிவிடும். பத்தடிச் சுவருக்கு நான்கடி தள்ளினால் போதும். நாற்பதடித் தென்னைக்குப் பதினைந்தடி, மட்டை விரியும் அளவு கூடுதலாக. எனவே மொட்டைமாடி உச்சி தேவையில்லை. தென்கிழக்கு திறந்திருந்தால் முற்றத்தில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் நட்டாலே போதும். கம்பி ஆன்டெனாவுக்கு உயரம் வேண்டும், உயரத்தில் காற்று வேண்டுமட்டும் அடிக்கும். டிஷ்ஷைக் காற்று மறைவில் ஒதுக்கி வைக்கலாம்.

குழாய் செங்குத்தாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். இரண்டு டிகிரி சாய்ந்தாலே டிஷ்ஷின் அளவுகோல் பொய் சொல்லும். மொபைல் திசைகாட்டியை இரும்புக்கு அருகில் வைத்துப் பார்க்காமல் நான்கடி தள்ளி நின்று பாருங்கள். பாக்ஸ் மெனுவில் எல்.என்.பி. வகை யுனிவர்சல், 9750/10600. 'ஸ்ட்ரெங்த்' காட்டி 'குவாலிட்டி' காட்டாவிட்டால் எல்.என்.பி.க்கு மின்சாரம் போகிறது, டிஷ் கோளைப் பிடிக்கவில்லை என்று பொருள். ஒரு டிகிரி நகர்த்தி மூன்று விநாடி நிறுத்துங்கள். பாக்ஸ் அடையாளம் கண்டு சொல்ல அவ்வளவு நேரம் பிடிக்கும். வேகமாகச் சுற்றினால் சரியான இடத்தையே தாண்டிப் போவீர்கள்.

பிடித்த பிறகும் குவாலிட்டி ஏறாமல் நின்றால் எல்.என்.பி.யைச் சுழற்ற வேண்டும். டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று வானத்தைப் பார்த்தபடி இடஞ்சுழியாகச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். பூமத்திய ரேகைக்கு நாம் அருகில் இருப்பதால் இந்தத் திருப்பம் வடநாட்டைவிட இங்கே அதிகம். வடநாட்டு வீடியோவைப் பார்த்து நேராக மாட்டியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. கடைசியில் நட்டுகளை மாறிமாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒன்றை மட்டும் இறுக்கினால் டிஷ் நகர்ந்துவிடும்.

பழைய டிடிஎச் டிஷ் சும்மா கிடந்தால் புதிது வாங்க வேண்டாம். ஏர்டெல் டிஷ் என்றால் தெற்கே 16 டிகிரி திருப்பி 16 டிகிரி உயர்த்துங்கள். டாடா பிளே என்றால் கிழக்கே 34 டிகிரி திருப்பி 8 டிகிரி தாழ்த்துங்கள். டிஷ் டிவி 95 டிகிரியில் இருப்பதால் இரண்டு மூன்று டிகிரி அசைவுதான், அதனாலேயே தப்பான கோளில் பூட்டிக்கொள்ளும் ஆபத்தும் அதிகம். பூட்டுச்சின்னம் போட்ட சேனலாகவே வந்தால் இன்னும் நகர்த்துங்கள். பாக்ஸ் எம்பெக்-4 என்ற புதிய வீடியோ முறையைப் படிக்கும் வகையாகவே இருக்கட்டும். எம்பெக்-2 மட்டும் படிக்கும் மலிவுப் பாக்ஸில் சேனல்கள் விடுபடும்.

உப்பும் காற்றும்

60 செ.மீ. டிஷ்மீது மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று நேராக மோதினால் சுமார் 25 கிலோ விசை. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று இதில் பாதி வேகம். விசை கால்வாசிதான் என்றாலும் மாதக்கணக்கில் ஆட்டிக்கொண்டே இருக்கும், நட்டு தளர்வது அதனால்தான். காரை வீட்டில் தூண் அல்லது தளத்தில் 10 மி.மீ. ஆங்கர் போல்ட் நான்கு அடியுங்கள். கைப்பிடிச் சுவரின் செங்கல்லில் அடித்தால் பெயர்ந்து வரும். ஓட்டு வீடு, கீற்று வீடு என்றால் முற்றத்து மணலில் ஒன்றரை அடிச் சதுரம், இரண்டடி ஆழம் குழிவெட்டி, ஒன்றரை அங்குல ஜிஐ குழாயைக் கான்கிரீட்டில் ஊன்றுங்கள்.

டிஷ்ஷோடு வரும் போல்ட்டுகளைக் கடல்காற்று சீக்கிரம் தின்றுவிடும். 316 தர எவர்சில்வர் போல்ட் தனியாக வாங்குங்கள், கிடைக்காவிட்டால் 304. அதைவிட முக்கியம் எல்.என்.பி. முனையின் இணைப்பு. திருகிப் போடும் எஃப் கனெக்டரில் உப்பீரம் ஏறி உள்ளே பச்சை பிடிக்கும். மழைக்காலத்தில் மட்டும் படம் உடைந்தால் முதலில் கழற்றிப் பார்க்க வேண்டியது அதுதான். அழுத்திப் பொருத்தும் வகைக் கனெக்டர் போட்டு, தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, வயரை ஒரு வளையம் தொங்கவிட்டு வீட்டுக்குள் எடுங்கள், தண்ணீர் அந்த வளையத்தில் சொட்டிவிடும். ஆர்.ஜி-6 செம்பு வயர் 30 மீட்டர் வரை கவலையில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழையில் டிஷ்ஷில் படம் நின்றுபோகும். மேகம் கலைந்தால் தானே வரும். கேபிளில் மழையால் படம் நின்றுபோகாது, ஆனால் வழியில் ஒரு கம்பம் சாய்ந்தாலோ ஆபரேட்டர் பக்கம் மின்சாரம் போனாலோ தெருவுக்கே படம் இல்லை. புயல் எச்சரிக்கை பார்க்க வேண்டிய நேரத்தில் இந்த வித்தியாசம் பெரிது. ஃப்ரீ டிஷ் பாக்ஸ் பலவும் 12 வோல்ட் அடாப்டரில் ஓடுபவை; 12 வோல்ட் சிறிய டிவி இருந்தால் ஒரே பேட்டரியில் இரண்டையும் ஓட்டலாம்.

கட்டண டிடிஎச்சுக்கும் உப்பு, காற்று, மழைக் கணக்கு இதேதான். தமிழ்ச் சேனல் கூடுதல், ரீசார்ஜும் உண்டு. இணையத்தில் பிரசார் பாரதியின் வேவ்ஸ் செயலி 2024 நவம்பரில் வந்தது. நல்ல ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டுக்கு உதவும். தினம் ஒன்றரை ஜிபி மொபைல் பேக்கில் ஒரு முழு மேட்ச் தாங்காது. இரண்டாவது டிவி இருந்தால் இரட்டை எல்.என்.பி., தனி வயர், தனி பாக்ஸ். கேபிளிலும் இரண்டாவது பாக்ஸ் வாங்கத்தான் வேண்டும்.

ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் சேனல்களுக்கான இடங்கள் ஏலத்தில் மாறும். சேனல் காணாமல் போனால் டிஷ்ஷை அசைக்காமல் பாக்ஸில் மறுதேடல் கொடுங்கள். புரட்டாசி முடிவில், வாடை தொடங்கும் முன், டிஷ்ஷையும் எல்.என்.பி. மூடியையும் நல்ல தண்ணீரால் கழுவி, நட்டுகளை ஒரு சுற்று இறுக்கி, டேப் வெடித்திருந்தால் மாற்றுங்கள்.