இங்கிலாந்தில் நர்சரி, ரிசப்ஷன்: தனியார் பள்ளியா, அரசுப் பள்ளியா?

பாடத்திட்டத்தைப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. பிறப்பு முதல் 5 வயது வரைக்கான இஒய்எஃப்எஸ் (Early Years Foundation Stage) என்ற அரசின் கற்றல் சட்டகத்தைத்தான் பெரும்பாலான தனியார் பள்ளிகளும் பின்பற்றுகின்றன. அதே 7 கற்றல் துறைகள், ரிசப்ஷன் (4-5 வயதுக்கான பள்ளியின் முதல் வகுப்பு) முடிவில் அதே 17 இலக்குகள்.

வித்தியாசம் வகுப்பின் அளவில்தான். அரசுப் பள்ளி ரிசப்ஷனில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகள் வரை இருக்கலாம். தனியார் பள்ளிகளில் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. வாய் திறக்கக் கூச்சப்படும் 4 வயதுக் குழந்தைக்கு இது உண்மையிலேயே உதவும். ஆனால் அரசுப் பள்ளியிலும் நல்ல உதவி ஆசிரியர் இருந்தால் அந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடும். அதனால் கட்டடத்தையும் சீருடையையும் விட, பெரியவர்கள் குனிந்து பிள்ளைகளோடு பேசுகிறார்களா என்று பாருங்கள்.

அப்புறம் பணம். 3, 4 வயதுப் பிள்ளைகளுக்கு அரசு தரும் வாரம் 15 மணிநேர இலவச நர்சரிச் சலுகையை, திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் நர்சரியிலும் பயன்படுத்தலாம். தனியார் பள்ளி ரிசப்ஷனில், பிள்ளை 5 வயதாகிக் கட்டாயப் பள்ளி வயதை எட்டியதும் அந்தச் சலுகை போய்விடும்; 2025 ஜனவரி முதல் கட்டணத்தோடு 20 சதவீத வாட் வரியும் சேர்கிறது. அரசுப் பள்ளியில் ரிசப்ஷனும் மதிய உணவும் இலவசம். கட்டணத்துக்காகப் பெற்றோர் இருவரும் கூடுதல் நேரம் உழைத்து, மாலையில் பிள்ளையோடு பேச நேரமில்லாமல் போவதென்றால், என் ஓட்டு அரசுப் பள்ளிக்குத்தான்.

ஒன்று கவனியுங்கள்: அரசுப் பள்ளியின் நர்சரியில் படித்தாலும் ரிசப்ஷனுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நாள் ஜனவரி 15.