ஜிபியு இல்லையா? காகிள் நோட்புக் போதும்

படம் பார்த்து வகை சொல்லும் ஏஐ மாடல் செய்ய ஆசைப்பட்டு, ஜிபியு (மாடலை வேகமாகப் பழக்க உதவும் சிப்) உள்ள லேப்டாப்புக்குக் காசு சேர்ப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். பிரவுசரிலேயே கோட் எழுதி ஓட்டும் நோட்புக் தருகிற காகிள் தளத்தில் ஃபோன் நம்பரைச் சரிபார்த்துவிட்டால் வாரத்துக்குச் சுமார் 30 மணி நேரம் ஜிபியு இலவசம். தலா 16 ஜிபி மெமரியோடு இரண்டு டி4 ஜிபியு கிடைக்கும். பழகுகிறவருக்கு அது தாராளம்.

நான் செய்தது தக்காளி இலை நோய் மாடல். பயிர் இலைப் படங்களின் பிளான்ட்வில்லேஜ் தொகுப்பு, அதில் தக்காளி மட்டுமே 18,000 படங்களுக்கு மேல், காகிளிலேயே இருக்கிறது. நோட்புக்கில் சேர்த்தால் போதும், டவுன்லோடு இல்லை. இமேஜ்நெட் என்ற பெரிய பொதுப் படத் தொகுப்பில் ஏற்கெனவே பழகிய ரெஸ்நெட்-18 என்ற மாடலை எடுத்து, 1000 வகை சொல்லும் கடைசி அடுக்கைக் கழற்றிவிட்டு தக்காளி இலையின் 10 வகைக்கு ஒன்றைப் பொருத்தி, முதலில் அதை மட்டும் பழக்கி, அப்புறம் மீதியையும் சின்ன லேர்னிங் ரேட்டில் (ஒவ்வொரு அடியிலும் மாடலை மாற்றும் அளவு) பழக்கினேன். ஒரே மாலையில் சோதனைப் படங்கள் அநேகமாக எல்லாமே சரி.

ஆனால் ஒட்டன்சத்திரம் பக்கம் மாமா தோட்டத்தில் ஃபோனில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது தடுமாறியது. பின்னால் மண், குச்சி, கட்டிய கயிறு எல்லாம் தெரிகிற படங்கள். மாமா பார்த்ததும் கருகல் என்று சொன்ன இலையை மாடல் சுருட்டை என்றது. பழகிய படங்களோ பறித்த இலையை வெறும் பின்னணியில் வைத்து எடுத்தவை. பிளான்ட்வில்லேஜை வைத்து 2016இல் வந்த ஆய்விலும் இதே கதைதான்: அந்தத் தொகுப்புக்குள் 99.35 சதவீதம் சரி, வேறு சூழலில் எடுத்த படங்களில் 31 சொச்சம். இது காகிளின் குறை இல்லை. எவ்வளவு பெரிய ஜிபியு வாங்கினாலும் தீராத குறை. மாமாவை உட்காரவைத்து 300 படங்களுக்குப் பெயர் குறித்து, அவற்றையும் ஏற்றிப் பழக்கிய பிறகுதான் தேறியது.

கவனிக்க வேண்டியவை சில. ஜிபியுவோடு நோட்புக் செஷன் திறந்திருந்தால் சும்மா இருந்தாலும் அந்த 30 மணி நேரக் கணக்கு ஓடும், அதனால் கோட் எழுதும்வரை ஜிபியுவை அணைத்து வையுங்கள். மெமரி போதவில்லை என்று நின்றால் பேட்ச் சைஸை (ஒரு தடவைக்கு ஏற்றும் படங்களின் எண்ணிக்கை) பாதியாக்குங்கள். நீண்ட பயிற்சியை 'சேவ் வெர்ஷன்' கொடுத்துவிட்டால், பிரவுசரை மூடினாலும் அது பாட்டுக்கு ஓடும். முதல் வரியிலிருந்து திரும்ப ஓடுவதால், அதற்கு முன் ஒரே ஒரு எபோக் (எல்லாப் படங்களையும் ஒரு சுற்று பார்ப்பது) வைத்து ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.