தமிழ்99-ஆ, ஒலிபெயர்ப்பா?

கணினியில் தமிழ் எழுத உதவும் தமிழ்99 விசைப்பலகை அமைப்பின் பக்கம் நான் சாய்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. அதனால் இந்த அலசலில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம். அதற்கு முன்பு ஒலிபெயர்ப்பு முறையில்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ‘அம்மா’ வேண்டுமென்றால் ஏ, எம், எம், ஏ, ஏ என்று ஆங்கில எழுத்துகளை அடிப்போமே, அதுதான்.

பழைய தட்டச்சு முறையை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. வகுப்புக்குப் போய் அரசுத் தேர்வு எழுதித் தேறியவர்களின் வேகம் தனி. அவர்களை எந்த முறைக்கும் மாற்றத் தேவையில்லை. நான் அந்த வகுப்புக்குப் போனதில்லை என்பதால் அதற்குமேல் பேசவும் மாட்டேன்.

ஒலிபெயர்ப்பின் பலம் எல்லோருக்கும் தெரிந்தது. ஆங்கில விசைப்பலகை பழகிய கை, உட்கார்ந்த உடனே தமிழ் எழுதத் தொடங்கிவிடும். வாரத்துக்கு நாலு வரி எழுதுகிறவருக்கு இதுவே போதும். அவரிடம் போய் தமிழ்99 பிரசங்கம் செய்வது வீண் வேலை.

ஆனால் ஒலிபெயர்ப்பிலேயே இரண்டு வகை உண்டு. முரசு அஞ்சல், இ-கலப்பை போன்ற மென்பொருள்களில் இருப்பது கறாரான வகை: இந்த விசைக்கு இந்த எழுத்து என்று விதி இருக்கும். இன்னொன்று ஊகிக்கும் வகை. நாம் அடித்ததைப் பார்த்து ‘இதுதானே?’ என்று சொற்களை நீட்டும். பள்ளிக்கும் பல்லிக்கும் ஒரே மாதிரி அடிப்போம். எது வேண்டுமென்று நாம்தான் பொறுக்க வேண்டும். வழக்கமான சொற்களுக்குப் பரவாயில்லை. ஊர்ப் பெயர், வட்டார வழக்கு, பழைய இலக்கியச் சொல் என்று போனால் ஒவ்வொரு வரியிலும் கை நிற்கும்.

தமிழ்99 என்பது 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற அமைப்பு. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என மொத்தம் 31 விசைகள். உயிர்கள் இடது கைக்கு, மெய்களில் பெரும்பாலானவை வலது கைக்கு. அ, இ, உ, எ ஆகிய குறில்களும் க, ப, ம, த, ந ஆகியவையும் விரல்கள் இயல்பாக ஓய்ந்திருக்கும் நடு வரிசையிலேயே வந்துவிடும். ஆ, ஈ, ஊ, ஏ மேல் வரிசையில்.

இதன் சாமர்த்தியம் புள்ளியில்தான். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி விழும். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என்ற இணைகளுக்கும் அப்படியே. ‘நன்றி’ எழுத ந, ன, ற, இ என்று நாலே தட்டு. கடைசிப் புள்ளியையும் சேர்த்து ‘வணக்கம்’ ஆறு. ஒலிபெயர்ப்பில் அதே ‘வணக்கம்’ எட்டு, அதோடு ண-வுக்கு ஷிப்ட் வேறு. ‘மமதை’ மாதிரி புள்ளி வேண்டாத இடத்தில் நடுவே ஒரு அ தட்ட வேண்டும். அப்படிப்பட்ட சொற்கள் அபூர்வம்.

தட்டுகளின் எண்ணிக்கைக்காக மட்டும் நான் மாறியிருக்க மாட்டேன். என்னைப் பொறுத்தவரை தீர்மானித்தது வேறொன்று: விரல் பழகிய பழக்கம் அடுத்த கருவியில் செல்லுபடியாகுமா என்பது.

ஒலிபெயர்ப்பில் ஆளுக்கொரு விதி. ‘அநீதி’யில் வருகிற ந-வுக்கு ஒரு மென்பொருளில் டபிள்யூ, இன்னொன்றில் என் தட்டி ஒரு சிறுகோடு. ழ-வுக்கு ஓரிடத்தில் இசட் மட்டும், ஓரிடத்தில் இசட்டோடு எச். புதுக் கணினி, அலுவலகக் கணினி, நண்பர் மடிக்கணினி என்று மாறும்போதெல்லாம் ஞ எங்கே, ஷ எங்கே என்று தேடல். தொடங்கும்போது இலவசம் மாதிரித்தான் தெரியும்; ஆனால் மாதச் சந்தா போலச் சில்லறையாகப் பிடுங்கிக்கொண்டே இருக்கும். தமிழ்99-இல் ஆரம்பத்தில் மொத்தமாக ஒரு சிரமம். எழுத்தைத் தேடித் தேடித் தட்டும் அந்த நாட்களில் எரிச்சல் வரும், இல்லையென்று சொல்ல மாட்டேன். அதைத் தாண்டிவிட்டால் க எப்போதும் எச் விசையில்தான், ம எப்போதும் கே விசையில்தான். மேக்கில் அப்படி, விண்டோஸில் அப்படி. 2013இல் வந்த ஐஓஎஸ் 7 முதல் ஐபோனிலும் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டுக்குச் செல்லினம் செயலியைப் போட்டுக்கொள்ளலாம்.

லினக்ஸ்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விசைப்பலகைப் பட்டியலில் ‘தமிழ்நெட் 99’ என்று நேராகத் தென்படுவதைச் சேர்த்துவிட்டு, ‘புள்ளியே விழவில்லையே’ என்று தமிழ்99-ஐத் திட்டுகிறவர்கள் உண்டு. அந்த வகை ஒரு விசைக்கு ஒரு எழுத்தைத் தருவதோடு சரி, முன்னால் என்ன தட்டினோம் என்று பார்க்காது. லினக்ஸில் பல மொழிகளை உள்ளிட உதவும் ஐபஸ் (IBus) மென்பொருள் வழியாக, எம்17என் (m17n) என்ற விசைப்பலகைத் தொகுப்பில் வரும் தமிழ்99-ஐச் சேர்க்க வேண்டும்.

குறைகளும் இருக்கின்றன. ச, ஞ, ந, ய, ழ ஐந்தும் ஆங்கிலத்தில் நிறுத்தக்குறிகள் இருக்கும் விசைகளில் உட்கார்ந்திருப்பதால், அரைப்புள்ளியும் மேற்கோளும் இடம் மாறிவிடும். ஒரே வரியில் தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதுகிறவர்கள் அடிக்கடி மொழி மாற்ற வேண்டும். ஒலிபெயர்ப்பிலும் மாற்றத்தான் வேண்டும் என்றாலும், மாற்ற மறந்து அடித்துவிட்டால் அங்கே வாசிக்கக்கூடிய தங்கிலீஷாவது வரும். இங்கே வருவது குப்பை.

செல்பேசியில் என் வாதம் இவ்வளவு உறுதியாக இல்லை. 31 எழுத்துகளைச் சின்னத் திரையில் நெருக்கியடித்து, இரண்டு கட்டைவிரலால் தட்டும்போது இடக்கை வலக்கைப் பிரிவினையால் பெரிதாக லாபமில்லை. வாட்ஸ்அப்பில் ‘வந்துட்டேன்’ என்று சொல்ல ஊகிக்கும் விசைப்பலகையையே நானும் வைத்திருக்கிறேன். நீளமாக எழுத வேண்டியிருந்தால் கணினிக்கு வந்துவிடுவேன்.