பவர் பிரஸ் பட்டறைக்கு எம்ப்ளாயீஸ் காம்பன்சேஷன் பாலிசி: 5க்கு 3.5

கோயமுத்தூர் கணபதி பக்கம் நம்ம பட்டறைங்க, பம்ப் மோட்டாருக்கு பவர் பிரஸ்ல தகடு வெட்டற ஸ்டாம்பிங் ஜாப் ஒர்க், ஆளுக ஏழு பேரு. வேலைல அடிபட்டா நாம குடுக்க வேண்டிய நஷ்ட ஈட்ட கம்பெனி குடுக்கற பாலிசி சில வருஷமா ஓடிட்டு இருக்குது. கம்பெனி பேரு வேண்டாம், எல்லா கம்பெனிலயும் அடிப்படை ஒண்ணு தான், வித்தியாசம் வர்றது ஆட்-ஆன்லயும் (தனியா காசு கட்டி சேத்துக்கற கவர்) ஏஜென்ட்டுகிட்டயும் தான்.

நம்ம லைன்ல முக்காவாசி பேரு இத எடுக்கறதில்லைங்க. கேட்டா "கட்டாயமா என்ன"ம்பாங்க. வேலைல அடிபட்டா ஓனர் நஷ்ட ஈடு குடுக்கணும்ங்கற 1923 எம்ப்ளாயீஸ் காம்பன்சேஷன் சட்டத்துல இன்சூரன்ஸ் கட்டாயம்னு எங்கயும் இல்ல, சரி தான். ஆனா இன்சூரன்ஸ் இல்லைன்னா பொறுப்பு இல்லைன்னும் எங்கயும் இல்லயே. இன்சூரன்ஸ் இருந்தா கம்பெனி கட்டும், இல்லைன்னா ஓனர் கட்டணும், அவ்ளோ தான் விஷயம். இதுல ஒரு பெரிய காமெடி இருக்குது, பத்து ஆளானா ஈஎஸ்ஐ (தொழிலாளிகளுக்கான அரசு இன்சூரன்ஸ்) வந்துரும்னு ரோல்ல ஒம்போதுலயே நிறுத்தி வெக்கறாங்க பாருங்க, ஈஎஸ்ஐல ஓனர் பங்கு 3.25 சதவீதம், ஆள் பங்கு 0.75 தான், அத கட்டிட்டா வேலைல அடிபட்டதுக்கு நஷ்ட ஈடு குடுக்கற பொறுப்பே ஈஎஸ்ஐகிட்ட போயிருது, அத மிச்சம் பண்றேன்னு மொத்த பாரத்தையும் தன் தலைல தூக்கி வெச்சுக்கறாங்க.

2023ல எங்களுக்கு ரெண்டு பட்டறை தள்ளி ஒண்ணு நடந்துச்சு. பிரஸ்ஸ ஓட்டி நிறுத்தற கிளட்ச் சாவி தேஞ்சு போன மெஷினு, பெடல்ல இருந்து கால எடுத்த பொறவும் ரெண்டாவது தடவ தானா இறங்கிருச்சு, பையன் பீஸ எடுக்க கைய விட்டிருக்கான், ஆட்காட்டி விரல்ல ரெண்டு கணு போச்சு. முப்பது வயசு, சம்பளம் 14,000. ஓனர் அண்ணன் மொதல்ல சொன்னது "அவன் டெய்லி கூலிங்க, நம்ம ஆளே இல்ல". தற்காலிக ஆள்னு சொல்லி தப்பிக்கற ஓட்டைய 2000த்துலயே அடைச்சுட்டாங்க. அடுத்து "கை உள்ள போகாம தடுக்கற கார்ட அவனே கழட்டிட்டான்"னாரு. ஆளு தெரிஞ்சே வேணும்னு கழட்டி இருந்தா சட்டத்துல அதுக்கு இடம் இருக்கு (உயிர் போனாலோ முழுசா முடங்கிட்டாலோ அதுவும் செல்லாது), ஆனா அந்த கார்டு தகடு உள்ள வெக்க லேட்டாகுதுன்னு மாசக்கணக்கா ஸ்கிராப் டிரம்முக்கு பின்னால கெடந்தத டீ கொண்டு வர்ற பையன் கூட பாத்திருக்கான். கடைசியா 20,000 குடுத்து "இனி எந்த பாக்கியும் இல்ல"ன்னு முத்திரைத்தாள்ல கையெழுத்து வாங்கி வெச்சாரு. செல்லாதுங்க. தனக்கு வர வேண்டியத விட்டுக் குடுத்து ஆளு எழுதிக் குடுத்தாலும் அந்த 1923 சட்டத்து 17வது பிரிவுல அது வெறும் காகிதம்.

கணக்கு என்னன்னா, மாச சம்பளத்துல 60 சதவீதம் 8,400, முப்பது வயசுக்கு சட்டத்து அட்டவணைல இருக்கற எண் 207.98, ரெண்டையும் பெருக்கி, விரல் ரெண்டு கணுவுக்கு 11 சதவீதம் போட்டா 1,92,173 ரூபா வருது. சம்பளம் எவ்ளோ இருந்தாலும் கணக்குக்கு 15,000 தான் உச்சம், அது 2020ல இருந்து, அதுக்கு முன்னாடி 8,000. ஒரு மாசத்துக்குள்ள குடுக்காட்டி 12 சதவீதம் வட்டி, நியாயமான காரணம் இல்லாம இழுத்தடிச்சா அசல்ல 50 சதவீதம் வரைக்கும் அபராதம். ஆஸ்பத்திரி பில்லு தனி, அதுவும் ஓனர் தான். லேபர் கமிஷனர் கோர்ட்டுக்கு அலைஞ்சு அலைஞ்சு அந்த அண்ணன் கடைசில ஒரு பிரஸ்ஸ வித்து தான் கட்டுனாரு. எனக்கு அவர் மேல பெருசா பரிதாபம் வரலீங்க, அந்த பையன் இப்ப செக்யூரிட்டி வேலைக்கு போறான்.

சரி பாலிசிக்கு வரேன். பிரீமியம் வேலையோட ரிஸ்க்க பாத்தும் நாம சொல்ற மொத்த சம்பளத்த வெச்சும் போடறாங்க, பிரஸ் ஆபரேட்டருக்கு ஜாஸ்தி, பில் போடற பொண்ணுக்கு கம்மி. வருஷக் கடைசில நெச சம்பளக் கணக்கு கேப்பாங்க, வித்தியாசத்த கட்டணும் இல்லைன்னா திருப்பித் தருவாங்க, இது நல்லா இருக்குது. சம்பளத்த கொறச்சு காட்டலாம்னு ஏஜென்ட்டே ஐடியா குடுப்பாரு, கேக்காதீங்க, க்ளெய்ம்னு போறப்ப கழுத்த புடிக்கறது அங்க தான்.

நம்ம பையன் ஒருத்தனுக்கு டை (அச்சு) மாட்டறப்ப விரல் நசுங்கி தையல் போட்டாங்க. வீட்ல இருந்த நாளுக்கு மாசத்துக்கு பாதி சம்பளம்ங்கற கணக்குல கம்பெனி குடுத்துருச்சு, டாக்டர் சர்டிபிகேட், சம்பள ரிஜிஸ்டர் ஜெராக்ஸு, அவ்ளோ தான் கேட்டாங்க, சர்வேயர் ஒருத்தர் வந்து பிரஸ்ஸ போட்டோ எடுத்துட்டு போனாரு, பெருசா இழுக்கல. ஆனா ஆஸ்பத்திரி பில்லுக்கு ஒரு ரூபா வரல. மெடிக்கல் எக்ஸ்டென்ஷன்னு தனியா ஒரு ஆட்-ஆன் இருக்குதாம், ஏஜென்ட் வாயவே தொறக்கல, கேட்டா "நீங்க கேக்கலியே சார்"ங்கறாரு. ஒண்ணர ஸ்டார் கொறச்சது அதுக்கு தான். மேஸ்திரி கூட்டிட்டு வர்ற கான்ட்ராக்ட் ஆளுகளுக்கும் அதே கதை, அவங்களுக்கு அடிபட்டாலும் சட்டப்படி நாம தான் மொதல்ல குடுத்துட்டு மேஸ்திரிகிட்ட வாங்கிக்கணும், பாலிசில அவங்கள தனியா சேக்கலைன்னா கவர் கெடையாது. அபராதம் வந்தாலும் கம்பெனி கட்டாது, அது சுப்ரீம் கோர்ட்டு 1997லயே சொன்னது, வட்டியும் பாலிசில விலக்கு போடாம இருந்தா தான் கம்பெனி கட்டும்.

இன்னொண்ணு, பிரீமியம் கம்மியா இருக்குதுன்னு குரூப் ஆக்சிடென்ட் பாலிசிய தலைல கட்டப் பாப்பாங்க. ஆளுகளுக்கு அது நல்லது தான், ஆனா சட்டப்படி ஓனர் குடுக்க வேண்டியதுக்கு அது பதில் ஆகாது, ரெண்டும் வேற வேற.

2025 நவம்பர்ல இருந்து புது சோஷியல் செக்யூரிட்டி சட்டம் வந்து 1923 சட்டத்த உள்ள இழுத்துக்கிச்சு, ஓனர் பொறுப்பு அப்படியே தான் இருக்குது, அதனால பழைய பாலிசி பேப்பர்ல எந்த சட்டத்து பேரு போட்டிருக்குன்னு பாத்து ரினியூவலப்ப எண்டார்ஸ்மென்ட் (பாலிசில திருத்தம்) கேட்டு வாங்கிக்குங்க. நான் மெடிக்கலும் கான்ட்ராக்ட் ஆளும் சேத்தே கொட்டேஷன் கேட்டிருக்கேன், கம்பெனி அதே தான், ஏஜென்ட் மட்டும் வேற.