கழனிவாசல் பக்கம் இருக்கற சிலோன் கடை: இடியப்பமும் சொதியும், அங்க நடந்த ஒரு பேச்சும்

காரைக்குடில கழனிவாசல் பக்கம் ஒரு சின்ன கடை இருக்கு, போர்டு கிடையாது, எல்லாரும் சிலோன் கடைன்னு தான் சொல்லுவாங்க, ஆட்டோக்காரங்ககிட்ட அப்படி கேட்டாலே கொண்டுபோய் விட்ருவாங்க. ரெண்டு வருஷமா வாரத்துல மூணு நாளாவது அங்க தான் எனக்கு காலை டிபன். ரிவ்யூ எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டே தள்ளிப்போட்டேன், போன வாரம் கடையில நடந்த ஒரு பேச்சுக்கப்புறம் இனிமே எழுதாம இருக்கக்கூடாதுன்னு ஆயிருச்சு.

முதல்ல சாப்பாடு. நம்ம வீட்டுல இடியாப்பம்னா வெள்ளையா, தாளிச்சோ தேங்காப்பால் ஊத்தியோ சாப்பிடுவோம். இங்க சிவப்பரிசி மாவு, பேரே இடியப்பம், அந்த "யா" கிடையாது. கடைய நடத்தற அக்கா காலைல 5 மணிக்கெல்லாம் உக்காந்து இடியப்பம் புழியற மர உரல்ல மாவ அடைச்சு ரெண்டு கையாலயும் அமுக்கி, பின்னுன சின்ன சின்ன தட்டுல ஒரே சுத்தா சுத்தி விடுவாங்க, கை நடுங்காது, ஒவ்வொண்ணும் உள்ளங்கை அகலம், தட்டுகள அடுக்கி ஆவில வச்சு எடுத்தா நூல் நூலா பிரியும், அழுத்தமே இருக்காது. அதுக்கு மேல சொதி. சொதின்னா திருநெல்வேலி சொதி மாதிரி காய்கறி போட்டது இல்லை, தேங்காப்பால்ல சின்ன வெங்காயம், பச்சை மிளகா, கொஞ்சம் வெந்தயம், மஞ்சள் அவ்வளவு தான், அடுப்பில இருந்து இறக்குனதுக்கப்புறம் தான் எலுமிச்சை பிழியணும், அடுப்புல இருக்கும்போதே பிழிஞ்சா திரிஞ்சு போயிரும்னு அக்கா சொல்லித் தந்தாங்க (எலுமிச்சைய அவங்க தேசிக்காய்ம்பாங்க). கூட ஒரு சம்பல், தேங்காப்பூவும் வரமிளகாயும் சின்ன வெங்காயமும் உரல்ல இடிச்சது, மிக்சில அடிக்கறதே இல்ல, அதான் அந்த ருசி. நாலு இடியப்பம், சொதி, சம்பல் 40 ரூபா.

செவ்வாயும் வெள்ளியும் புட்டு. குழாய்ல அடைக்கறது இல்ல, பனையோலைல கூம்பு மாதிரி பின்னுன நீத்துப்பெட்டில அவிக்கறாங்க, ஓலை வாசம் மாவுல ஏறி இருக்கும். மத்தியானம் மீன் குழம்பு சோறு. அந்தக் குழம்புக்கு அவங்களே வறுத்து அரைக்கற தூள், மல்லி, மிளகா, சீரகம், சோம்பு, மிளகு, கருவேப்பிலை எல்லாம் நல்லா கருக்க வறுத்தது, நம்ம செட்டிநாட்டு மசாலா சாப்பிட்டு வளந்த நாக்குக்கு இது அண்ணன் தம்பி மாதிரி தெரியும், ஆனா வேற வீடு. குழம்புல ரம்பை இலைன்னு ஒண்ணு போடறாங்க, அது நம்ம ஊர் சந்தைல கிடைக்காது, கடைக்குப் பின்னாடி பழைய பெயிண்ட் டப்பால வளத்து வச்சிருக்காங்க, நான் கேட்டேன்னு ஒரு கன்னு பிடுங்கி குடுத்தாங்க, இப்ப எங்க வீட்டு வளவுலயும் இருக்கு.

குறைன்னு சொன்னா, கொத்து ரொட்டி சுமார் தான், உப்பு தூக்கலா இருக்கு, அதுக்கு நம்ம ஊர் பரோட்டா கடையே மேல். நாலே டேபிள், எட்டு மணிக்கு மேல போனா அரை மணி நேரம் நிக்கணும். கை கழுவற எடம் வெளில, மழை பேஞ்சா நனைஞ்சுட்டு தான் கழுவணும். மாவு அரைக்கற மெஷின் ரிப்பேரானா அன்னைக்கு பாதி ஐட்டம் இருக்காது, புது மெஷின் வாங்க ஒரு பேங்க்ல லோன் கேட்டு ஆறு தடவ நடந்தாங்க, பேப்பர் சரியில்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அப்புறம் மாசத்துல ஒரு நாள் கடை பூட்டியிருக்கும், முன்னாடியெல்லாம் எனக்கு எரிச்சலா வரும், சொல்லிட்டாவது பூட்டலாமேன்னு. அப்புறம் தான் தெரிஞ்சுது, அன்னைக்கு முகாம்ல கணக்கெடுப்பு, எல்லாரும் ஆஜராகி பேர் குடுக்கணும்.

ஆமா, இவங்க இருக்கறது இலங்கைத் தமிழர் முகாம்ல. 1990ல யுத்தம் மறுபடி பிடிச்சப்போ அக்கா மன்னார்ல இருந்து போட்ல ராமேஸ்வரம் வந்தவங்க, அப்ப பத்து வயசு. கடைல கல்லாவுல உக்காந்திருக்கற அண்ணன் கதை இன்னும் வேற. அவரோட தாத்தா நம்ம திருப்பத்தூர் பக்கத்து கிராமத்துக்காரர், தேயிலை தோட்டத்துல கூலி வேலைக்கு கங்காணி கூட்டிட்டுப் போனது. 1948ல இலங்கை சுதந்திரம் வாங்குன கையோட குடியுரிமைச் சட்டம் போட்டு தோட்டத்து ஜனங்கள நாடில்லாதவங்களா ஆக்கிட்டாங்க. 1964ல நம்ம பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேர இந்தியா எடுத்துக்கும், 3 லட்சம் பேர இலங்கை வச்சுக்கும்னு தலைய எண்ணி பிரிச்சாங்க. அண்ணன் குடும்பம் அந்த ரெண்டு கணக்குலயும் சரியா சேராம வவுனியாவுக்கு நகந்து, அங்கயும் குண்டு விழுந்து இங்க வந்துச்சு. திருப்பத்தூர்ல இருந்து கிளம்புன குடும்பம் மூணு தலைமுறை கழிச்சு திருப்பத்தூருக்கு பஸ்ல ஒரு மணி நேர தூரத்துல "அகதி"ன்னு பதிவாகி இருக்கு. ரெண்டு பேருக்கும் கல்யாணம் முகாம்ல தான், பொண்ணு பிறந்ததும் இங்க தான்.

இப்ப அந்த பேச்சுக்கு வர்றேன். போன வாரம் பக்கத்து டேபிள்ல ஒரு மாமா, தினமும் வர்றவர், நல்ல மனுஷன், கோயில் திருவிழான்னா முன்னால நின்னு எல்லாம் செய்வாரு. பேப்பர பாத்துட்டு தேர்தல் பேச்சு ஆரம்பிச்சுது, யாரோ இலங்கைத் தமிழருக்கு குடியுரிமை குடுக்கணும்னு பேசுனாங்கன்னு படிச்சாரு, உடனே "வர்றவங்களுக்கெல்லாம் கதவ தொறந்து விட்டா நம்ம பிள்ளைக எங்க போறது, சுப்ரீம் கோர்ட்டே 2025 மே மாசம் இந்தியா ஒண்ணும் தர்மசாலை இல்ல, நாமளே 140 கோடி பேருன்னு சொல்லிருச்சுல்ல" அப்படின்னாரு. சொல்லிட்டு "ஆச்சி, இன்னும் ரெண்டு இடியாப்பம்"னாரு. அக்கா ஒரு வார்த்தை பேசல. இடியப்பம் வச்சு, சொதிய கரண்டில எடுத்து "இன்னும் கொஞ்சம் விடட்டோ"ன்னு கேட்டாங்க.

இலை எடுக்க வந்த அவங்க பொண்ணு தான் பேசுச்சு, எம்.காம் முடிச்சிருக்கு, கடை கணக்கு அது தான் பாக்குது. "மாமா, அம்மாவ அனுப்புனா மன்னாருக்கு அனுப்பலாம். நான் நம்ம ஜிஹெச்ல பிறந்தவ, என்னைய எங்க அனுப்புவீங்க?" சத்தமே இல்லாம தான் கேட்டுச்சு. அம்மா பேசறது மன்னார் தமிழ், "கதைக்கிறன்", "ஓம்" எல்லாம் வரும், இந்த பொண்ணு பேசறது சுத்தமான காரைக்குடி தமிழ், கண்ண மூடிட்டு கேட்டா எங்க அயித்த மக பேசற மாதிரி இருக்கும்.

மாமா கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் "நீ என்னத்தா படிச்சிருக்க"ன்னு கேட்டாரு.

அன்னைக்கு எனக்கு உடனே வாயில வரல, அதனால இங்க சொல்றேன். இந்தியாவுல பிறந்தா இந்தியர்ங்கறது 1987 ஜூலை 1க்கு முன்னாடி பிறந்தவங்களுக்கு தான், அதுக்கப்புறம்னா அப்பா அம்மால ஒருத்தராவது இந்தியக் குடிமகனா இருக்கணும், 2004 டிசம்பர்ல இருந்து அதுலயும் இன்னொருத்தர் சட்டவிரோதமா வந்தவரா இருக்கக்கூடாதுன்னு சேத்துட்டாங்க. மண்டபம் முகாம்ல 1986ல பிறந்த ஒரு அம்மா ஹைகோர்ட்டு மதுரை கிளைக்குப் போய் பாஸ்போர்ட் வாங்கி 2024 எலெக்சன்ல முதல் ஓட்டு போட்டாங்க, பேப்பர்லயே வந்துச்சு. இந்த பொண்ணு பிறந்தது 1998, அந்த வழியும் அடைச்சாச்சு. 2019ல குடியுரிமை திருத்தச் சட்டம் கொண்டு வந்தாங்க, பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான்ல இருந்து வந்த சில மதத்தவங்களுக்கு மட்டும், இலங்கை அதுல இல்லவே இல்ல. 2025 செப்டம்பர்ல ஒரு உத்தரவு வந்துச்சு, 2015 ஜனவரி 9 வரைக்கும் வந்து பதிவு பண்ண இலங்கைத் தமிழர் மேல பாஸ்போர்ட் விசா இல்லன்னு வழக்கு போட மாட்டாங்கன்னு. நல்லது தான், ஆனா ஜெயில்ல போட மாட்டோம்ங்கறதும் நீ நம்ம ஆளுங்கறதும் ஒண்ணு இல்லையே. மாநில அரசு 2021ல அகதிகள் முகாம்ங்கற பேர மறுவாழ்வு முகாம்னு மாத்துச்சு, 317 கோடி ரூபால வீடு கட்டற திட்டம் அறிவிச்சுது, குடும்பத் தலைவருக்கு மாசம் 1,500 ரூபான்னு பணக்கொடைய ஏத்துச்சு, அதெல்லாம் அக்காவே நன்றியோட தான் சொல்றாங்க. ஆனா குடியுரிமை டெல்லி கைல இருக்கு.

மாமாவோட பயம் பொய்னு நான் சொல்ல வரல. 1991 மே 21ல ஸ்ரீபெரும்புதூர்ல நடந்தத இந்த ஊர் மறக்கல, அதுக்கப்புறம் தான் முகாம்ல கெடுபிடி அதிகமாச்சு. புதுசா யார எவ்வளவு சேக்கறது, எப்படி விசாரிக்கறதுன்னு ஒரு அரசாங்கம் யோசிக்கத்தான் வேணும். அங்க போயிடணும்னு இன்னமும் நினைக்கற பெரியவங்களும் முகாம்ல இருக்காங்க, அவங்கள கௌரவமா அனுப்பி வைக்கணும். ஆனா 35 வருஷத்துக்கு முன்னாடி வந்தவங்களயும் இங்கயே பிறந்தவங்களயும் "வர்றவங்க"ன்னு சொன்னா அது எந்த நியாயம்? ஜெர்மனில 2015ல கிட்டத்தட்ட 9 லட்சம் பேர் அகதியா வந்தாங்க, அங்க பெரிய சண்டையே இவங்க மொழி கத்துக்குவாங்களா, நம்மளோட ஒட்டுவாங்களாங்கறது தான், அதுக்குன்னே 600 மணி நேரம் பாஷை வகுப்பு வச்சிருக்காங்க. இங்க ஒட்ட வைக்க என்ன பாக்கி இருக்கு? பாஷை ஒண்ணு, சாமி ஒண்ணு, பொங்கல் ஒண்ணு. அதே யுத்தத்துக்கு தப்பிச்சு இன்னொரு பக்கம் போனவங்கள பாருங்க, 1986ல 155 தமிழர்கள் கனடா நியூஃபவுண்ட்லேண்ட் கடல்ல லைஃப் போட்ல தத்தளிச்சப்போ அந்த ஊர் மீன்பிடிக்காரங்க தான் தூக்கி காப்பாத்துனாங்க, அந்த நாட்டுல 2011ல ஒரு ஈழத்தமிழ்ப் பொண்ணு எம்பி ஆனாங்க, 1983ல சின்னப் பையனா போன கேரி ஆனந்தசங்கரி அங்க மந்திரியே ஆயிட்டாரு. 20 மைல் கடல் தாண்டி நம்மகிட்ட வந்தவங்களோட பிள்ளைக்கு ஒரு பாஸ்போர்ட் இல்ல.

செட்டிநாட்டுக்காரங்க நாம இதப் பேசறப்ப நம்ம வீட்ட ஒரு தடவ சுத்திப் பாக்கணும். தூணெல்லாம் பர்மா தேக்கு. விசேஷத்துக்கு வைக்கற கவுனி அரிசி அங்க இருந்து வந்ததும்பாங்க. எங்க ஐயா (தாத்தா) பர்மாவுல மோல்மேன்ல கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பண்ணப் போனவரு, பெட்டியடிப் பையனா (எடுபிடியா) சேந்து சொந்தமா கிட்டங்கி (தொழில் நடத்தற இடம்) வச்சாரு. 1930கள்ல கீழ் பர்மா நெல் வயல்ல நாலுல ஒரு பங்கு செட்டியார்க கைக்கு வந்துருச்சு, கடன் அடைக்க முடியாம விவசாயி விட்ட நிலம். அப்ப ரங்கூன்ல நம்மளப் பத்தி என்ன பேசிருப்பாங்க? வந்தவன் நிலத்த எடுத்துட்டான், வேலைய எடுத்துட்டான்னு, 1938ல கலவரமே நடந்துச்சு. 1942ல ஜப்பான்காரன் வந்தப்போ ஐயா மத்தவங்களோட நடந்தே வந்தாரு, மணிப்பூர் பக்கம் பேர் தெரியாத ஒரு வீட்டுல கஞ்சி குடுத்து படுக்க வச்சாங்கன்னு அப்பத்தா சொல்லுவாங்க. கொண்டுவந்தது ஒரு பேரேடு மட்டும், அது இன்னும் எங்க வீட்டு பட்டாலைல (கூடத்துல) இருக்கு, வராத கடன் கணக்கு பூரா அதுல தான். 1960கள்ல ராணுவ ஆட்சி எல்லாத்தையும் தேசியமாக்குனப்போ இன்னும் லட்சக்கணக்குல வந்தாங்க, நம்ம ஊர் பர்மா காலனி அப்படி வந்ததுதானே, யாராச்சும் இன்னைக்கு அவங்கள வெளியூர்க்காரங்கன்னு சொல்றோமா? அவங்க கைல ஒரு பேப்பர் இருந்துச்சு, அண்ணன் தாத்தா கைல இல்ல. வித்தியாசம் அவ்வளவு தான்.

இதெல்லாம் சாப்பாட்டுக் கடை ரிவ்யூல எதுக்குன்னு கேட்கலாம். நீங்க அந்த சொதிய சாப்பிட்டுட்டு சொல்லுங்க, சமைச்ச கை எங்கதுன்னு தெரியாம சாப்பிட எனக்கு மனசு வரல.

சரி, போறவங்களுக்கு: காலை 6 மணில இருந்து 10, மத்தியானம் 12 மணில இருந்து 3, சாயங்காலம் பிளேன் டீயும் (பால் இல்லாத டீ) ரோல்ஸும் மட்டும். பிளேன் டீக்கு சீனி போடாம பனங்கட்டி கடிச்சுக்கிட்டு குடிங்க. ஞாயித்துக்கிழமை ஒடியல் கூழ் காச்சறாங்க, பனங்கிழங்க காய வச்சு இடிச்ச மாவுல நண்டு, இறால், மீன், பலாக்கொட்டை எல்லாம் போட்டு, சிரட்டைல ஊத்தி குடுப்பாங்க, 12 மணிக்கு மேல ஒரு சொட்டு மிஞ்சாது, சனிக்கிழமையே போன் பண்ணி சொல்லிருங்க. பார்சலுக்கு தூக்கு கொண்டு போங்க, கவர்ல கட்டுனா சொதி ஆறிப்போயிரும். மாமா நேத்தும் வந்திருந்தாரு, பொண்ணுக்கு ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல சொல்லி வச்சிருக்கேன்னு சொன்னாரு, அங்க என்ன பேப்பர் கேப்பாங்கன்னு அது ஒரு சீட்டுல எழுதிக்கிட்டு இருந்துச்சு.