ஆண்டுக் கூட்டமா, வாரச் சுற்றா: மலேரியா விழிப்புணர்வில் எங்கள் தெருவின் தேர்வு

மதுரையில் வைகையின் வடகரையிலுள்ள எங்கள் குடியிருப்போர் சங்கத்தில், மலேரியா விழிப்புணர்வுக்காக ஆண்டுக்கொரு முறை மண்டபம் பிடித்துக் கூட்டம் நடத்துவதா, மகளிர் குழுவினரை வாரந்தோறும் வீடு வீடாக அனுப்புவதா என்ற கேள்வி எழுந்தபோது இரண்டாவதற்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். ஆகவே இதை நடுநிலையான அலசலாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கூட்டத்தால் ஒரே மாலையில் நூறு பேருக்குச் செய்தி போய்ச் சேரும். ஏப்ரல் 25, உலக மலேரியா நாளன்று வைத்தால் மருத்துவர் ஒருவரும் பேச வருவார். அதன் பயன் ஏறத்தாழ அவ்வளவுதான்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது இடைவெளி. நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டீபன்சி கொசு, மேல்நிலைத் தொட்டி, கிணறு, சிமெண்ட் தொட்டி என நாம் புழங்கச் சேர்த்துவைக்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. நம் ஊர் வெயிலுக்கு அது பத்து நாளுக்குள் கொசுவாகிப் பறந்துவிடும். ஏப்ரலில் கேட்ட பேச்சு, ஆடிக் காற்றில் தொட்டி மூடி பறக்கும்போது யாருக்கு நினைவிருக்கும்? மகளிர் குழுவினரோ சேமிப்புப் பணம் வசூலிக்க வாரம் தவறாமல் படியேறுகிறவர்கள். அதே நடையில் தொட்டியையும் பார்த்துவிடுகிறார்கள். "எங்க தொட்டியில புழுவே கிடையாதுக்கா" என்று சாதித்த ஒருவரிடம், வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீரை மொண்டு சற்று நேரம் அசையாமல் பிடித்துக் காட்டினார்கள். டெங்குக் கொசுவின் புழு தலைகீழாகத் தொங்கும். கிண்ணத்தில் இருந்த மலேரியாக் கொசுவின் புழுவோ நீர்ப்பரப்போடு ஒட்டிப் படுத்துக் கிடந்தது. அன்று மாலையே தொட்டிக்கு வலை கட்டப்பட்டது.

மருந்திலும் இதே கணக்குதான். வைவாக்ஸ் வகை மலேரியாவில் காய்ச்சல் சில நாளில் தணிந்தாலும், கல்லீரலில் ஒளிந்திருக்கும் கிருமிக்காகப் பிரைமாகுயின் மாத்திரையை மருத்துவர் சொன்னபடி 14 நாள் விழுங்க வேண்டும், பத்தாம் நாள் வாசலில் நின்று "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்க மேடைப் பேச்சாளர் வரமாட்டார். எங்கள் தெருவில் அப்படிக் கேட்கும் தேவை இன்னும் வரவில்லை என்பதால் இதை அனுபவமாக அல்ல, எதிர்பார்ப்பாகவே எழுதுகிறேன்.

சுற்று தொடங்கி எட்டு மாதமே ஆகிறது. தொட்டிகள் மூடியிருக்கின்றன என்பதற்கு மேல் நான் எதையும் உறுதி கூறமாட்டேன். பூட்டிய வீடுகள் விடுபடுகின்றன. மொட்டைமாடி இரும்பு ஏணியில் ஏற மூத்த உறுப்பினர்களால் இயலவில்லை என்பதால் சங்கத்து இளைஞர்கள் இருவரைக் கேட்டோம், ஒருவர் வருகிறார்.