ஆக்சலாட்டலா, வக்கீட்டாவா: முதலில் எதைக் காப்பாற்றுவது?

இரண்டும் மெக்சிகோவுக்கே உரியவை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யூ.சி.என்.) சிவப்புப் பட்டியலில் இரண்டுக்கும் ஒரே முத்திரை: மிக அருகிய இனம். வகைப்பாட்டில் சிக்கல் இல்லை. ஆக்சலாட்டல் வாலுள்ள இருவாழ்வி, சாலமாண்டர் கூட்டம். வக்கீட்டா பாலூட்டி, திமிங்கில வரிசையில் கடற்பன்றிக் குடும்பம், அறிவியல் பெயர் கிடைத்ததே 1958-இல்தான். ஆக்சலாட்டல் பெயருக்குத்தான் இருவாழ்வி. உருமாறாமல், வெளிச்செவுளோடு, ஆயுள் முழுக்க நீரிலேயே கிடந்து முட்டையும் இடும்.

முத்திரை ஒன்றானாலும் என் ஓட்டு வக்கீட்டாவுக்கே. தொட்டியில் வளர்த்துப் பெருக்க முடியுமா என்ற ஒரு கேள்வி போதும், இரண்டின் நிலையும் பிரிந்துவிடும்.

ஆக்சலாட்டலின் காட்டு நிலவரம் மோசம்தான். மெக்சிகோ நகரின் சோச்சிமில்கோ கால்வாய்களில் 1998-இல் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்தது, 2014-இல் 36. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட கெண்டையும் திலேப்பியாவும் முட்டையையும் குஞ்சையும் தின்றன, கழிவுநீர் மிச்சத்தைக் கெடுத்தது. ஆனால் உலகெங்கும் ஆய்வகங்களில் அது ஏராளம். 20 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த, சுத்தமான நீர் இருந்தால் ஒரே ஈட்டில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். அவற்றை அப்படியே கால்வாயில் விடவும் கூடாது: ஆய்வக வம்சத்தில் வேறு இனமான புலிச் சாலமாண்டரின் கலப்பு உண்டு, நோயும் கூடவே போகும். இருந்தாலும் இனம் அறவே போய்விடாது.

வக்கீட்டாவுக்கு அந்தக் கையிருப்பு கிடையாது. 2017-இல் பிடித்துப் பாதுகாக்க முயன்றார்கள். முதலில் சிக்கிய இளசு மிரண்டதால் திருப்பி விட்டார்கள். அடுத்துப் பிடித்த வளர்ந்த பெண் இறந்தது. திட்டம் அதோடு நின்றது. ஈனுவதும் ஒரு தடவைக்கு ஒரே குட்டி. 1997-இல் 600-க்குச் சற்றுக் குறைவு. 2023 கணக்கெடுப்பில் கண்ணில் பட்டவை 10 முதல் 13. சிறிய பரப்பில் பார்த்த கணக்கு என்பதால் இதை மொத்த எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வக்கீட்டாவைக் குறிவைத்து யாரும் வேட்டையாடுவதில்லை. சீனச் சந்தையில் பெருவிலை போகும் டொட்டுவாபா மீனின் காற்றுப்பைக்காக, அதாவது நெட்டிக்காக, திருட்டுத்தனமாகப் போடும் செவுள்வலையில் மாட்டி, மூச்சுவிட மேலே வர முடியாமல் சாகிறது. நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேரும் உட்கலப்பால் எப்படியும் அழிந்துவிடும் என்று கைவிடவும் நியாயமில்லை. வலைச்சாவு நின்றால் மீளலாம் என்றே 2022-இல் வந்த மரபணு ஆய்வு காட்டியது.

அதே ஆண்டு மெக்சிகோ கடற்படை வலையைச் சிக்கவைக்கும் கொக்கிகளோடு 193 கான்கிரீட் கட்டைகளைக் கடலில் இறக்கியது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் போட்டுவிட்டு மறந்துவிட முடியாது. கொக்கியில் சிக்கிய வலையைத் தேடி எடுக்காவிட்டால் அது அங்கேயே கிடந்து வக்கீட்டாவையும் பிடிக்கும்.